ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர்தான். இன்னும் மணி அடிக்கத்தான் வேண்டுமா?

சேரம்பாடி மழை கேட்டது:

எல்லோருக்கும் தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறேன். தாத்தா 1970களில் சிலோனிலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இந்த மலைக்கு. தகரப்பெட்டியில் அவர் கொண்டுவந்தது ஒரு பாமாலைப் புத்தகமும் ஒரு கவாத்துக் கத்தியும்தான் என்று பாட்டி சொல்வாள் (சேலை துணிமணி எல்லாம் இருந்திருக்கும், அவளுக்கு இந்த இரண்டுதான் கணக்கு). அப்படி வந்து சேர்ந்தவர்கள் கூடி, பெரட்டுக்களத்துக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடம்) மேலே தகரக் கூரை போட்டுக் கட்டியதுதான் எங்கள் ஆலயம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேரல்ஸ் கிளம்பினால் லயன் லயனாக (தொழிலாளர் வீட்டு வரிசை) பாடி முடிக்க விடிந்துவிடும். இப்போது ஆறு வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் லயனைக் காலி செய்து பிள்ளைகளோடு போய்விட்டார்கள், பிள்ளைகள் திருப்பூரில், கோவையில். ஞாயிறு ஒன்பது பேர் வந்தால் அது நல்ல ஞாயிறு. ஐயர் (சபைப் போதகர்) மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார், அவருக்கு இதுபோல் பல ஆலயம், அவரைக் குறை சொல்லவே மாட்டேன். மற்ற வாரங்களில் நானோ எண்பது வயது மூப்பர் ஒருவரோ ஆராதனை முறைமையை வாசிக்கிறோம். புதன் மாலை ஜெபக்கூட்டம் நின்று ஒரு வருஷமாகிறது. ஆறு மணிக்கு மேல் ஆனை நிற்கும் பாதையில் பாட்டிமார்களை யார் வரச்சொல்வது?

நான் எட்டு வருஷம் கோவையில் இருந்தேன். அங்கே போன சபையில் பாட்டு எழும்பினால் கூரை அதிரும், அழுகையே வரும். அம்மா படுக்கையில் விழுந்ததால் திரும்பி வந்தேன். இங்கே நான் பாட ஆரம்பித்தால் என் குரல் எனக்கே கேட்கிறது, அதுதான் கஷ்டம். மகள் போன மாதம் ‘அம்மா, இது உண்மையா இருந்தா ஏன் யாருமே வரல?’ என்று கேட்டாள். அவளுக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

கடவுள் இருக்கிறாரா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் பயம் வேறு. இத்தனை வருஷமாக நான் அவரை நம்பினேனா, இல்லை அந்தக் கூட்டத்தை நம்பினேனா? கூட்டம் போனதும் எனக்குள் எல்லாம் இப்படி வற்றிப்போவானேன்? போன ஞாயிறு நான் ஆலயத்தைத் திறக்கவே இல்லை. மூப்பருக்குக் காய்ச்சல், எனக்கும் முடியவில்லை என்று படுத்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கக்கூட இல்லை.

---

பீளமேடு 641004:

சிஸ்டர், இவ்வளவு மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். கட்டடம் சபை இல்லை, ஜனங்கள்தான் சபை. போனில் எந்த ஆராதனை வேண்டுமானாலும் பார்க்கலாம், அம்மாவும் படுத்தபடியே பார்ப்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவைக்கே வந்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. பைபிளில் யுத்தத்துக்குப் போன கிதியோனிடமும் 300 பேர்தான் இருந்தார்கள், மறக்காதீர்கள்.

---

பழைய உபதேசியார், கோத்தகிரி:

தங்கச்சி, எஸ்டேட் ஆலயங்களிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஆடி மாத மழையில் நாலு பேருக்குப் பிரசங்கம் செய்துவிட்டுக் குடையை மடக்கும்போது நீங்கள் கேட்ட கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் கிதியோனை விட்டுவிடுவோம். அங்கே 32,000 பேரை 300 ஆக்கியது கர்த்தர். உங்கள் ஊரில் ஆட்களைக் குறைத்தது திருப்பூர். இரண்டும் ஒன்றல்ல.

எலியா தீர்க்கதரிசியைச் சொல்கிறேன். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் வழக்கமாக ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். 1 இராஜாக்கள் 19ல், ஓரேப் மலைக் குகையில், ‘நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்’ என்கிறார். இரண்டு தடவை, வார்த்தை மாறாமல், மனப்பாடம் செய்து வைத்ததுபோல. இப்போது ஒரு அதிகாரம் பின்னால், 18க்குப் போங்கள். ஆகாப் ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த ஒபதியா வழியில் எலியாவைப் பார்க்கிறான். ராணி யேசபேல் கர்த்தரின் தீர்க்கதரிசிகளைக் கொன்றபோது நூறு பேரை ஐம்பது ஐம்பதாக இரண்டு குகைகளில் ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியதை எலியாவிடமே சொல்கிறான். அப்படியானால் எலியாவுக்குத் தெரியும்! தன் காதால் கேட்டது. ஆனாலும் குகையில் நின்றபோது அந்த நூறு பேரும் கணக்கில் இல்லை, சொன்ன ஒபதியாவும் இல்லை. பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. களைத்துப்போன மனுஷன் எண்ணினால் அப்படித்தான் வரும்.

இன்னொன்று. இதே பேச்சை அதற்கு முன்னால் கர்மேல் மலையிலும் பேசியிருக்கிறார். எதிரே பாகால் என்கிற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேர், தான் ஒருவன்தான் மிச்சம் என்று. அங்கே அது மார்தட்டிச் சொன்னது. குகையில் அதே பேச்சு முனகலாகிவிட்டது. அவர் பக்கத்து ஆள் கணக்கு ஒன்றும் மாறவில்லை, நடுவில் யேசபேலின் மிரட்டலும் ஓட்டமும் பட்டினியும் வந்துவிட்டன.

கர்த்தர் என்ன செய்தார் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சூரைச்செடியின் கீழே படுத்து ‘போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்றவரிடம், ‘நீ தனியாள் இல்லை’ என்று ஆரம்பிக்கவே இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் தலைமாட்டில். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். நாற்பது நாள் கழித்து மலையில் ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி, காற்று, பூமியதிர்ச்சி, நெருப்பு, அப்புறம் அந்த மெல்லிய சத்தம், அதற்குப் பிறகு வேலைப் பட்டியல்: ஆசகேலுக்கு அபிஷேகம், யெகூவுக்கு அபிஷேகம், எலிசாவுக்கு அபிஷேகம். பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் எல்லாவற்றுக்கும் கடைசியில், போகிறபோக்கில் சொன்னதுபோல வருகிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவர் சந்தித்ததாக எழுதியிருப்பது அந்த ஏழாயிரம் பேரையும் அல்ல. பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா ஒருவனைத்தான்.

அதனால் நான் கேட்பது வேறு. படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறீர்கள், ஒரு இரவு முழுசாகத் தூங்கி எத்தனை நாளாகிறது? உங்களுக்கு வற்றிப்போனது விசுவாசம்தானா என்று அதற்குப் பிறகு பார்ப்போம்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்கிறேன். பாசல் மிஷன்காரர்கள் (ஐரோப்பாவிலிருந்து வந்த மிஷனரிகள்) ஊட்டி பக்கம் கேத்தியில் வந்து தங்கியது 1846ல். இந்த மலையின் படகர்கள் பேசும் மொழி கற்றார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஹட்டி ஹட்டியாக (படகர் ஊர்) நடந்தார்கள். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858ல். பன்னிரண்டு வருஷம். உங்கள் ஒன்பது பேரை அவர்களிடம் கொடுத்திருந்தால் விழா எடுத்திருப்பார்கள்.

நடைமுறையாக: எஸ்டேட்டின் பக்கத்து டிவிஷன்களிலும் இதேபோல் ஒன்பது பத்து என்று இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு பகல் நேரத்தில் மூன்று ஆலயத்தையும் ஒரே இடத்தில் கூட்டுங்கள், ஒரு ஜீப் போதும். பாட்டு மூன்று போதும், எல்லோருக்கும் ராகம் தெரிந்ததாக. சாவியை மட்டும் நீங்கள் ஒருவரே வைத்துக்கொள்ளாதீர்கள்.

---

மலைப்பூண்டு:

அக்கா, நான் கொடைக்கானல் மலையில் பூம்பாறை பக்கம், ஆர்.சி., கத்தோலிக்கன். உபதேசியார் ஐயா எழுதியது அருமை, இரண்டு தடவை படித்தேன். ஆனால் அந்த ஏழாயிரத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யாராவது தனியாக இருக்கிறேன் என்று வாய் திறந்தால் உடனே ‘ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்’ என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். எங்கோ இருக்கும் ஏழாயிரம் பேர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார்களா? அக்கா இழந்தது நிஜமான ஒன்று. முகம் தெரிந்த, பேர் தெரிந்த, எந்தப் பாட்டுக்கு எந்தக் கிழவி ராகத்தை இழுப்பாள் என்று தெரிந்த ஒரு கூட்டம். அது போனதற்கு அழுதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

திருப்பாடல்கள் 42 எடுத்துப் பாருங்கள். நீரோடையைத் தேடும் மான் என்று தொடங்குமே, அது. எல்லோருக்கும் அந்த மான் ஞாபகம் இருக்கும். நாலாவது வசனத்தில் அந்த ஆள் எதற்கு அழுகிறான்? கூட்டத்தோடு கடவுளுடைய வீட்டுக்கு நடந்து போனதை, விழாக் கூட்டத்தின் ஆரவாரத்தை நினைத்துத்தான். கடவுளுக்கான தாகமும் கூட்டத்துக்கான ஏக்கமும் ஒரே பாட்டில் கிடக்கின்றன, அவன் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. நீங்கள் ‘கடவுளையா கூட்டத்தையா’ என்று பிரிக்கப் பார்க்கிறீர்கள். பிரிக்க வராது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று. கொடைக்கானல் சலேத் மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட்டில் வரும், எள் போட்டால் எள் விழாது. ஒரு வருஷம் காய்கறி லோடு இறக்கிவிட்டு, திருவிழா முடிந்த மறுநாள் காலைப் பூசைக்குப் போனேன். சீரியல் பல்பு கழற்றுகிற பையன்களைத் தவிர்த்தால் உள்ளே கன்னியாஸ்திரிகளும் நாலு பாட்டிகளும் நானும்தான். அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக ஜெபம் செய்ய வந்தது என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். வரவில்லை. தூக்கம்தான் வந்தது. ஆனால் போனேன்.

பீளமேட்டு அண்ணா, போனில் பார்க்கலாம் என்கிறீர்கள். டவர் கிடைத்தால் பார்க்கலாம்.

---

ஹட்டிக்காரன்:

நான் கிறிஸ்தவன் இல்லை, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன், கேள்வி பிடித்திருந்தது. படகன், கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டி.

உபதேசியார் ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 12 வருஷக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் பாட்டன் அதை ‘நாம் அசையாமல் நின்ற வருஷங்கள்’ என்பார். யார் சிறுபான்மை, யார் விசுவாசம் காத்தவர் என்பது எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது! சண்டைக்குச் சொல்லவில்லை. முதலில் ஞானஸ்நானம் வாங்கியவர் தன் ஊரில் எவ்வளவு தனியாக நின்றிருப்பார் என்று நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இது. ஹெத்தை ஹப்ப (எங்கள் தெய்வம் ஹெத்தையின் திருவிழா) வந்தால் பேரகணியில் மலையே வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாக இருக்கும், பேப்பரில் படம் வரும், கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். மற்ற நாட்களில்? அங்கே ஹெத்தைக்குப் பூசை செய்வது ஒரு சிறுவன். வீட்டை விட்டு வந்து கோயிலிலேயே தங்கி, நியமம் தவறாமல் இருக்கிறான். பனி கொட்டும் மாசத்தில் விடியற்காலையில் அவன் எழுந்திருக்கும்போது எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள்? நாங்கள் எல்லோரும் ஹப்பத்துக்கு வருவது, நாங்கள் இல்லாதபோது அவன் அங்கே இருப்பதால்தான். சின்ன வயதில் எனக்கு அந்தப் பையன்மேல் பொறாமை. இப்போது ஊரில் இளவட்டமே இல்லாமல் போவதைப் பார்க்கும்போது பயம்.

உங்கள் மகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

---

பழைய உபதேசியார், கோத்தகிரி:

ஹட்டிக்கார தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் பாட்டன் சொன்னதும் சரித்திரம்தான், என் வாயால் சொல்லும்போது அந்தப் பக்கம் விட்டுப்போகிறது.

மலைப்பூண்டு சொன்னது என்னைச் சுட்டது. ஏழாயிரத்தைச் சொல்லி வாயை அடைத்த ஆள் நானும்தான், சாவு வீட்டில்கூடச் செய்திருக்கிறேன். கொரிந்து பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் பயந்துபோயிருந்தபோது ‘இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு’ என்று கர்த்தர் சொன்னதை இங்கே எழுதலாம் என்று இருந்தேன். எழுதவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அவர் ஒன்றரை வருஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

---

சேரம்பாடி மழை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடுவில் நாலு நாள் கரண்ட் இல்லை, அம்மாவுக்குச் சளி கட்டிவிட்டது.

ஐயா, தூக்கம் பற்றிக் கேட்டதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் தூங்கினாயா என்கிறாரே என்று. அப்புறம் சித்தி மகளை இரண்டு நாள் வரச்சொல்லி அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு நாள் பகலெல்லாம் தூங்கினேன். விசுவாசம் பொங்கி எழுந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த ஞாயிறு சாவியை எடுக்கும்போது கை கனக்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தப்பு. கீழ் லயனில் ஒரு பாட்டி, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், குழாயடியில் பிடித்துக்கொண்டார். ‘ஏண்டி, அன்னைக்கு ஏன் மணி அடிக்கல? மணிச் சத்தம் கேட்டுத்தான் நான் உலை வைப்பேன், உன்னால அன்னைக்கு எம் பேரன் பட்டினியா வேலைக்குப் போனான்’ என்று ஒரே திட்டு. இத்தனை வருஷமாக அவர் எங்கள் மணியைக் கேட்டு உலை வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. ஐயா சொன்ன ஒபதியா ஞாபகம் வந்தது, ஆனால் இவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்று நினைக்கிறேன், எந்தக் கணக்கில் வருவார் என்றும் தெரியவில்லை.

மலைப்பூண்டு தம்பி, நீங்கள் சொன்ன திருப்பாடலை, எங்களுக்கு அது சங்கீதம் 42, அதைப் போன ஞாயிறு வாசித்தேன். நாலாவது வசனத்தில் மூப்பருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தை அவர்தானே என்னைவிட அதிகமாகப் பார்த்தவர். ஆராதனை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, இந்த பெஞ்சில் யார் உட்காருவார்கள், அந்த ஜன்னலோரம் யார் என்று பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தோம். மழை விட்ட பிறகுதான் கலைந்தோம்.

ஹட்டிக்காரன் அண்ணா, மகளிடம் அன்று சொன்னது ‘எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க’ என்று. மோசமான பதில். அந்தப் பூசைப் பையனைப் பற்றிச் சொன்னதும் அவள் கேட்ட ஒரே கேள்வி, ‘அவனுக்கு ஸ்கூல் கிடையாதா?’ இப்போது மணி அடிப்பது தன் வேலை என்கிறாள். இழுத்த இழுப்பில் பழைய கயிறு பாதியில் அறுந்துவிட்டது, எலி கடித்து வைத்திருந்திருக்கிறது. நைலான் கயிறு மழையில் வழுக்குகிறது, பிள்ளைக்குப் பிடி கிடைக்கவில்லை. நல்ல நூல் கயிறு எங்கே கிடைக்கும்? பந்தலூரில் இரண்டு கடையில் கேட்டுவிட்டேன்.

---

பழைய உபதேசியார், கோத்தகிரி:

கூடலூருக்கு யாராவது போனால் மாட்டுக் கயிறு விற்கிற கடையில் கேட்கச் சொல்லுங்கள். நுனியில் இரண்டு முடிச்சு போட்டு, முடிச்சுக்குக் கொஞ்சம் மெழுகு தடவிவிடுங்கள், ஈரத்தில் இற்றுப்போகாது. பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் முதல் முடிச்சு.